பின்கதவுச் செருப்பு

தெருமுனைக் கடைக்குக்கூடக் காரை எடுத்துக்கொண்டு போன மனிதரின் பெயரை ஒரு நடைபாதைக்கு வைத்தால் யாருக்குத்தான் தலை சுற்றாது? பூனைக்குச் சுற்றியது. பாதை தொடங்குமிடத்தில் புதுப் பலகை. அதில் வயலினைத் தோளில் சாய்த்து, யாரையும் பார்க்காத பார்வையோடு அப்பா. கீழே கொட்டை எழுத்தில் 'வயலின் மேதை நினைவு நடைபாதை'. அதற்கும் கீழே பொடி எழுத்தில், 'பல ஆண்டுகள் மாலைதோறும் இவ்வழியே நடந்தவர்'.

யாரோ நன்றாகக் கதை விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

பூனை என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். கட்டுப்பல் செய்கிற பட்டறையில் தலைமைப் பொறுப்புக்கு வந்த பிறகும் அது அவளை விடவில்லை. அரவமில்லாமல் வந்து பக்கத்தில் நிற்பாள். கூட வேலை செய்பவர்கள் திடுக்கிட்டு, கையில் இருக்கும் பல்லைத் தரையில் போட்டுவிட்டுத் தேடுவார்கள். அந்த நடை வீடு கற்றுக்கொடுத்தது. சாயங்காலம் அப்பா பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் சாதகம் என்று அர்த்தம். வயலின் ஒலிக்கத் தொடங்கியதும் வீடு மூச்சை அடக்கிக்கொள்ளும். தட்டு உரசக்கூடாது, தும்மக்கூடாது, முக்கியமாகக் கதவைத் தட்டவே கூடாது. அறையின் ஜன்னல் பக்கத்துச் சந்தைப் பார்த்தது. சந்தில் நாலைந்து ரசிகர்கள் சுவரில் சாய்ந்து, காசு கொடுக்காத கச்சேரியைக் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அந்தச் சட்டத்தைப் பூனை ஒரே ஒரு தடவைதான் மீறினாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் அப்பாவுக்குத் தெரியாமல் வயலின் கற்று, ஒரு சின்னப் பாட்டை ஒப்பேற்றி வைத்திருந்தாள். ஒரு சாயங்காலம் அந்தக் குட்டி வயலினோடு மூடிய கதவுக்கு முன்னால் நின்று வாசித்தாள். பாதியில் உள்ளே வயலின் நின்றது. அப்பா கேட்கிறார்! அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கடைசிவரை வாசித்து முடித்தாள். கதவு திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வயலின் மறுபடி தொடங்கியது, வேறு எங்கோ ஒரு இடத்திலிருந்து, எதுவுமே நடக்காததுபோல.

கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் அவள் புரிந்துகொண்டாள். மறுநாளே வயலினை வாத்தியாரிடம் திருப்பிக் கொடுத்தாள். அப்பாவும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. அப்பா போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. அந்தக் காயம் மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை.

பாதைத் திறப்பு விழாவில் பேசுவதற்காக எழுதி அவள் கைப்பையில் வைத்திருந்த பேச்சில் முதல் வரியே, 'அப்பா மாலை நேரம் முழுவதும் அறையை விட்டு வெளியே வந்ததே இல்லை' என்பதுதான். அதை வைத்துக்கொண்டு இந்தப் பலகைக்கு முன்னால் எப்படிப் பேசுவது? விழாவுக்கு ஓடியாடிக்கொண்டிருந்த நகராட்சி அதிகாரியைப் பிடித்தாள்.

"மேடம், இதுல ஏதோ தப்பு நடந்திருக்கு. எங்கப்பா நடக்கவே மாட்டாரு."

அதிகாரி சிரித்தாள். "ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. இந்தப் பேரு வைக்கணும்னு ஆறு மாசமா எங்க உயிரை எடுத்தவர், உங்கப்பாகூட தினமும் நடந்தவரு. அதோ, நீலச் சட்டை. பஸ் டிரைவரா இருந்து ஓய்வு பெற்றவரு."

நீலச் சட்டைக்காரர் பூனையைக் கண்டதும் கண்கலங்கிவிட்டார். பேச்சும் கொட்டத் தொடங்கிவிட்டது.

"அப்போ இங்க ரயில் நின்னுபோயி, வெறும் தண்டவாளமும் புல்லும்தான்மா. எனக்குக் காலைல வண்டி. சாயங்காலம் நடக்க வருவேன், அவரும் வருவாரு. தக்காளிச் செடியில பூச்சி விழுந்தா என்ன பண்றதுன்னு மணிக்கணக்காப் பேசுவாரு. நல்ல மனுஷன். கடிகாரம் ரிப்பேர் பண்றவர்னுதான் என்கிட்ட சொல்லியிருந்தாரு. பேப்பர்ல இறந்த செய்தியோட படம் வந்தப்புறம்தான் தெரியும், இவ்வளவு பெரிய ஆள்னு!"

பூனைக்கு அப்பாடா என்றிருந்தது. ஆள் மாறாட்டம்! தக்காளியாம், கடிகாரமாம். அப்பாவுக்குத் தக்காளி எதில் காய்க்கிறது என்றுகூடத் தெரியாது.

"ஐயா, நீங்க யாரையோ நினைச்சுச் சொல்றீங்க. அப்பா சாயல்ல வேற யாராவது இருந்திருப்பாங்க."

"யாரையோவா? நல்லாச் சொன்னீங்க! ஒரு செருப்புல பச்சை வாரு, இன்னொண்ணுல நீல வாரு. இந்த ஊர்ல வேற யாரு அப்படிப் போட்டுக்கிட்டு நடந்தா?"

பூனைக்கு அந்த வார்களைத் தெரியும். பின்னறையின் பின்கதவுக்கு வெளியே கிடந்த செருப்பு அது. அறுந்த வார்களை எந்த நிறம் கிடைத்ததோ அதை வைத்து அம்மா மாற்றிப் போட்டது. கொல்லைக்குப் போகிற செருப்பு என்றல்லவா வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கொல்லைக்கு அப்பால் வேலி. வேலிக்கு அப்பால் தண்டவாளம்.

சரி, நடந்தார் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் வாசித்தது யார்? அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்ட அந்த வயலின், சந்தில் ஆட்கள் தலையாட்டிய வயலின், யாருடையது? எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் இன்னொரு முடிச்சுத்தான் விழுந்தது.

அம்மா மரத்தடி பெஞ்சில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தாள். பூனை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, அப்பா சாயங்காலம் நடக்கப் போவாரா?"

அம்மா பலகையைப் பார்த்தாள். பிறகு நீலச் சட்டைக்காரரைப் பார்த்தாள். "போவாரு."

"அப்ப சாதகம்?"

"அது காலைல, நீ ஸ்கூலுக்குப் போனப்புறம். சாயங்காலம் ஓடினது டேப்பு."

"டேப்பா?"

"கத்தாதே, எல்லாரும் பார்க்கிறாங்க. அவர் வாசிச்சதையே பதிவு பண்ணி வெச்சிருந்தாரு. என்ன பண்றது? வயலின் சத்தம் நின்னா சந்துல நிக்கிறவங்க என்ன ஆச்சு, ஏது ஆச்சுன்னு வாசலுக்கு வந்துடுவாங்க. வந்தா கச்சேரிப் பேச்சு, இல்லன்னா சிபாரிசு. ஒரு மணி நேரம் யாரும் என்கிட்ட வயலினைப் பத்திப் பேசக்கூடாதுன்னு அழுதாரு ஒரு நாள். நிஜமாவே அழுதாரு. நான்தான் இந்த வழியைச் சொன்னேன்."

பூனைக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி அழுகை வந்தது. ஒரு டேப்புக்காகவா நான் தும்மலை அடக்கினேன்? டேப்புக்காகவா பூனையானேன்? கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அதற்குள் வேறொன்று மெல்லத் தலையெடுத்தது. அப்பா அறையில் இல்லை. அன்றைக்கு அப்பா அறையிலேயே இல்லை! கேட்கவே இல்லாதவர் எப்படி வேண்டாம் என்று சொல்லியிருப்பார்? இத்தனை வருடம் நெஞ்சில் சுமந்த பாறாங்கல் காற்றடைத்த பையாகிப் போனதே என்று சந்தோஷப்படப்போனாள்.

அப்போதுதான் அது உறைத்தது.

"அம்மா, நான் ஒரு நாள் கதவுக்கு வெளியே வாசிச்சேன். நடுவுல உள்ளே வயலின் நின்னுச்சு. டேப்புன்னா தானா எப்படி நிக்கும்?"

அம்மா கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஒரு பக்கம் முடிஞ்சா நிக்கும். அவர் வர்றதுக்கு நேரமாகும். யாராவது பின்கதவு வழியா உள்ளே போயி மறுபக்கம் திருப்பிப் போடணும்ல."

"நீயா?"

"வேற யாரு?"

"நான் வாசிச்சப்போ நீ உள்ளே இருந்தியா?"

"இருந்தேன். கேசட்டைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன். ரெண்டாவது அடியில ஒரு இடம் பிசகுச்சு. மத்தபடி நல்லா வாசிச்சே. ரொம்ப நல்லா வாசிச்சே." அம்மா வலது கையைத் தூக்கிக் காட்டினாள். "தாழ்ப்பாள்ல கை வெச்சேன். இந்தக் கைதான். திறந்தா நீ கேட்பே, அப்பா எங்கேன்னு. உனக்கு ஒண்ணு தெரிஞ்சா ஊருக்கே தெரியும். அப்புறம் அவர் நடை போச்சு. ஆயிரம் தடவை சொல்லணும்னு நினைச்சேன். நீயும் வயலின் பேச்சையே எடுக்கல, மறந்துட்டே போலன்னு நினைச்சு விட்டுட்டேன்."

பூனை அம்மாவின் முகத்தையே பார்த்தாள். யார் மேல் கோபப்படுவது? புல்லில் நடந்து தக்காளிப் பூச்சியைப் பற்றிப் பேசியவர் மேலா? அவருக்கு அந்த ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவள் மேலா? நன்றாக வாசித்தாய் என்று கேட்க ஏங்கிய காது இதோ கேட்டுவிட்டது. சொல்லியிருக்க வேண்டியவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய நாளிலும் சொல்லவில்லை. இதில் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா?

"மேதையோட மகள் இப்போ பேசுவாங்க!" என்று அதிகாரி ஒலிபெருக்கியில் அறிவித்தாள்.

பூனை எழுந்து போனாள். சரளைக் கல்லில்கூட அவள் காலடி கேட்கவில்லை. கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து, முதல் வரியைப் பார்த்து, மறுபடி மடித்து வைத்தாள். கூட்டம் காத்திருந்தது. முன்வரிசையில் நீலச் சட்டைக்காரர் இப்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா தினமும் நடப்பாரு," என்றாள். மரத்தடி பெஞ்சைப் பார்த்தாள். "எனக்குத்தான் தெரியாமப் போச்சு."

வேடிக்கையாகப் பேசுகிறாள் என்று நினைத்துக் கூட்டம் சிரித்துக் கைதட்டியது. அம்மா மட்டும் கைதட்டவில்லை. வலது கையை மடியில் விரித்து வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.