பரந்தனுக்குப் போன வண்டிகள்

வீரகத்தியின் மாட்டுவண்டி வாசலில் வந்து நின்றபோது, மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி தில்லைநாதன், கட்டிலில் கிடந்த அப்புத்துரையின் நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வெயிலில் கிடந்த தோல்போலக் காய்ந்து வெடித்திருந்தது. 1957ஆம் ஆண்டு ஆடி மாதம். கண்டாவளைப் பக்கம் காடு வெட்டிக் குடியேறிய இந்தக் கொலனிக்குள், உலகம் சுற்றிவந்த இன்புளுவன்சாக் காய்ச்சல் நுழைந்து மூன்று வாரமாகியிருந்தது.

"வெளிக்கிடுங்கோ அக்கா," என்றான் வீரகத்தி. "மத்தியான ரயிலைப் பிடிச்சால் பொழுதுபடமுன்னம் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி."

அப்புத்துரையின் மனைவி இராசமலர் சுவரைப் பிடித்தபடி நின்றாள். அவளுக்கும் காய்ச்சல்தான். இருந்தும் கணவனின் உடுப்புகளை மூட்டையாகக் கட்டி முடித்திருந்தாள்.

தில்லைநாதனை ஒரு கேள்வி பத்து நாட்களாக அரித்துக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிலிருந்து தம்பி எழுதியிருந்தான்: வீட்டில் ஐந்து பேரும் ஒன்றாகப் படுத்தோம், நாலாம் நாள் எழும்பிவிட்டோம், எங்கள் ஒழுங்கையில் ஒரு சாவீடும் இல்லை. அதே காய்ச்சல். அங்கேயும் இதற்கென்று தனி மருந்து கிடையாது. இங்கே நாற்பது குடும்பங்களில் ஆறு பேர் இறந்துவிட்டார்கள். ஆறு பேருமே இப்படி வண்டியேறி, பரந்தன் ஸ்டேசனுக்குப் போனவர்கள். வண்டிதான் கொன்றதா, அல்லது சாகக் கிடந்தவர்களை மட்டும் வண்டி ஏற்றிப்போனதா? கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகித்துப் பார்த்தார். அதே கிணற்றில் குடித்தவர்கள் எழும்பி வயலுக்குப் போய்விட்டார்கள். பழைய மலேரியாவில் தேய்ந்த உடம்புகளோ என்று நினைத்தார். இறந்தவர்களில் இருவர் ஊரிலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, மலேரியா அவர்களைத் தொட்டதேயில்லை.

"கடைசியா எப்ப தண்ணி குடிச்சவர், பிள்ளை?"

"நேத்துக் காலமை ஒரு வாய். பிறகு நானும் விழுந்திட்டன். கிணத்தடிக்குப் போக ஏலேல்லை."

"அடுப்பு?"

"மூண்டு நாளா மூட்டேல்லை."

"பக்கத்து வீட்டிலை சொல்லியிருக்கலாமே?"

காய்ச்சலிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எந்தப் பக்கத்து வீடு ஐயா? நாகேஸ்வரியக்காவின்ரை வளவு மூண்டு ஏக்கருக்கு அங்காலை. கத்தினால் குரங்குதான் வரும். ஊரிலை எண்டால் எங்கடை அடுப்பு புகையாட்டி, வேலிப் பொட்டுக்குள்ளாலை கஞ்சி வந்திடும்."

தில்லைநாதன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். ஊரில் எந்தக் கிடுகு வேலியிலும் ஒரு ஆள் குனிந்து நுழையும் பொட்டு இருக்கும். சண்டை வந்தால் அடைப்பார்கள், சமாதானமானால் பிரிப்பார்கள். இங்கே அரசாங்க அளவைக்காரர்கள் சங்கிலி பிடித்து அளந்து, ஒவ்வொரு காணிக்கும் நடுவில் ஒரு வீட்டை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பொட்டு வைக்க வேலியே இல்லை. வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் படுத்தால் வெளியே யாருக்கும் தெரியாது. தெரியவரும்போது தண்ணீரில்லாமல் உடம்பு காய்ந்திருக்கும், பிறகு வண்டிதான் வரும்.

அப்படித்தானா? இறந்த ஆறு பேரின் வீடுகளில் இரண்டில் அடுப்பு அணைந்துகிடந்ததை அவரே கண்டிருந்தார். மற்ற நாலு வீடுகளில் கேட்கவில்லை. கேட்டுவிட்டு வரும்வரை அப்புத்துரை தாங்கமாட்டான்.

"வீரகத்தி, மாட்டை அவிழ்த்துவிடு."

"என்ன கதை ஐயா இது? ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு?"

"நான்."

"நீங்கள் சொல்லிப்போட்டுப் போயிடுவியள். பிறகு இந்த மனிசியல்லோ தனிய நிக்கவேணும்."

இராசமலர் தில்லைநாதனின் முகத்தையே பார்த்தாள்.

"இஞ்சை கிடந்தால் எழும்புவாரோ ஐயா?"

"தெரியாது, பிள்ளை. ஆனால் இந்த வெயிலிலை, தண்ணியில்லாத உடம்பு பரந்தன் மட்டும் தாங்காது எண்டு நினைக்கிறன். நான் போகேல்லை. இஞ்சைதான் நிப்பன்."

அவள் மூட்டையைக் கீழே வைத்தாள். "அப்போதிக்கரி ஐயாவுக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியுமோ?"

"மருந்து கலக்கிற கைதானே."

"அதுதான் பயமாக் கிடக்கு," என்றான் வீரகத்தி. முணுமுணுத்தபடியே வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தான்.

விறகு முதலில் புகைந்து, பிறகுதான் பற்றியது. அரிசி கரையும் முன்பே கஞ்சித் தண்ணீரை வடித்து, உப்புப் போட்டு ஆற்றினார்கள். இராசமலர் கணவனின் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்தாள். முதல் கரண்டி கடைவாயால் வழிந்து தாடிக்குள் இறங்கியது. அவள் துடைத்துவிட்டு இரண்டாவதை ஊற்றினாள். அது வழியவில்லை, வாய்க்குள்ளேயே நின்றது. அவனுடைய தொண்டை அசைகிறதா என்று மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.