அன்றைக்கு எனக்கு ஜுரம்

பொன்னேரி பஸ்ஸில் செங்கல்வராயன் ஏறிவிட்டால் தெரிந்தவர்கள் யாரும் அவன் பக்கத்து சீட்டில் உட்காரமாட்டார்கள். தெரியாமல் உட்கார்ந்தவன் தொலைந்தான். டிக்கெட் வாங்கி மடியில் வைப்பதற்குள் ஆரம்பித்துவிடுவான்.

"எனக்கு அன்னிக்கு ஜுரங்க. ஒடம்பு அனலா கொதிக்குது. எழுந்துக்க முடியல. பாடு நம்முளுது, உட்டா அப்பால ஒரு மாசத்துக்கு கெடையாது. வேற யாரை நம்பி அனுப்பறது? நம்ம ஊட்டு ஆளாச்சேன்னு மச்சானை அனுப்பிச்சேன். ஏரிக்குப் போனவன் திரும்பல."

அவ்வளவுதான் கதை. ஒரு வார்த்தை கூடாது, ஒரு வார்த்தை குறையாது. சொல்லிவிட்டுக் கேட்டவன் முகத்தையே பார்ப்பான். "அடப் பாவமே" என்பான் அவன். வேறென்ன சொல்வது? அது செங்கல்வராயனுக்குப் போதாது. கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, "எனக்கு அன்னிக்கு ஜுரங்க" என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவான்.

டீக்கடையிலும் இதுதான், கல்யாண வீட்டுப் பந்தியிலும் இதுதான். எதிரே உட்கார்ந்தவன் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு தலையாட்ட வேண்டும். "தெரியும்பா, நூறு வாட்டி சொல்லிட்ட" என்று குப்பத்து ஆட்கள் பாதியிலேயே வெட்டிவிடுவார்கள். பேரே மாறிவிட்டது. ஜுரம் வருது பார், ஜுரம் போவுது பார் என்று காது படவே சொன்னார்கள். மனிதர்களுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் யாருக்காகவும் பரிதாபப்பட முடிவதில்லை. அதைக் குற்றம் என்றும் சொல்ல முடியாது, அவரவர் பாடு அவரவருக்கு.

பாடு என்றால் அந்தக் குப்பத்தில் வேறு அர்த்தமும் உண்டு. பழவேற்காட்டு ஏரியில் மீன் நிறையப் படுகிற இடத்தில் இன்றைக்கு இன்னார்தான் வலை போடலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருப்பார்கள். அந்த முறைக்குப் பேர் பாடு. முறை வந்தவன் தானே போக வேண்டும். உடம்புக்கு முடியவில்லை என்றால் மட்டும் வீட்டு ஆள் ஒருவனை அனுப்பலாம். வெளியூர் போகிறேன், வேறு வேலை இருக்கிறது என்றால் முறை அடுத்தவனுக்குப் போய்விடும். கோயில் முன்னால் கற்பூரம் அணைத்துச் செய்துகொண்ட கட்டுப்பாடு.

எழுபத்தி நாலாம் வருஷம் ஐப்பசியில் செங்கல்வராயனின் முறைக்குப் போனவன் அவன் தங்கை தாயாரம்மாளின் புருஷன் முனிகிருஷ்ணன். கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை. போகும்போது காற்றே இல்லை. காலை பத்து மணிக்கு மேல் திடீரென்று தூக்கிய காற்றில் படகு கவிழ்ந்தது. நீந்தத் தெரியாதவனா அவன்? காலில் வலை சுற்றிக்கொண்டது. மறுநாள்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

செங்கல்வராயனின் மனைவி செல்லியம்மாளுக்கு அந்த ஜுரக் கதை மனப்பாடம். அதில் ஜுரம் மட்டும் பொய் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரியாமல் என்ன, முதல் நாள் சாயங்காலம் அவன் நெற்றியில் மிளகுப் பத்துப் போட்டவளே அவள்தான்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாகக் கட்டிய ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், காலை ஒன்பது மணிக்குள் கேட்டில் நிற்கணும் என்று தணிகாசலம் என்கிற தரகன் சொல்லிவிட்டுப் போனான். அந்த நாள் பார்த்துப் பாடு வந்தது. இரண்டையும் விட மனசில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான் மனுஷன். ஊர்ப் பெரியவர் தேசப்பன் வந்து எட்டிப் பார்த்தார், பத்தின் நெடி தாங்காமல், "சரி, மச்சானை அனுப்பு" என்று சொல்லிப் போனார். முனிகிருஷ்ணனும் நம்பினான். "நீ படுத்துக்கோ, நான் பாத்துக்கறேன்" என்றான். காலையில் செங்கல்வராயன் குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, யார் கண்ணிலும் படவில்லை என்ற நினைப்பில் பஸ் ஏறினான். கேட்டில் நின்றவன் எட்டாவது சர்டிபிகேட் கேட்டான். இவன் எட்டாவதைக் கண்டானா? மூன்று மணிக்குத் திரும்பி வந்தபோது ஊரே கரையில் நின்றது.

இதுதான் நடந்தது. இதை அவனும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் இப்படியே போய், பொங்கல் கழிந்து ஒரு நாள் தேசப்பன் செல்லியம்மாளைக் கூப்பிட்டு அனுப்பினார். "இதோ பாரும்மா, உன் புருசன் நேத்து ஏரிக்கரையில தனியா உக்காந்துக்கினு யாருமே இல்லாம அந்தக் கதைய சொல்லிக்கினு இருக்கான். கண்ணால பாத்தேன். கீழ்ப்பாக்கத்துக்கு இட்டுனு போய்டு. இன்னும் முத்த உடாத."

ஆரணிச் சந்தையில் மீன் கூடையை இறக்கிவைத்து உட்கார்ந்தவள் அன்றைக்கு விலை கூடச் சரியாகச் சொல்லவில்லை. பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போனவன் எவன் முழுசாகத் திரும்பியிருக்கிறான்? யோசித்து யோசித்து அவளுக்கு ஒன்று பிடிபட்டது.

அவன் சொல்வதை முழுக்கக் கேட்கிற ஒரே ஆள் தாயாரம்மாள். எத்தனை தடவை போனாலும் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு, வாயைப் பார்த்துக்கொண்டு கேட்பாள். கடைசியில், "ஜுரத்துல நீ இன்னா பண்ணுவ, உடுண்ணா" என்பாள். அதைக் கேட்டுவிட்டு வந்தால் இரண்டு நாள் சோறு இறங்கும், தூங்குவான். மூன்றாம் நாள் மறுபடி ஆரம்பித்துவிடும். ஏன் தங்கவில்லை? பொய்க்குச் சொன்ன சமாதானம் எப்படித் தங்கும்? நிஜத்தைச் சொல்லி, நிஜத்துக்கு ஒரு பதில் வாங்கிவிட்டால் ஜென்மத்துக்கும் தாங்கும். திட்டட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும், செருப்பால் கூட அடிக்கட்டும். அப்புறம் மனுஷன் வாய் ஓயும். இப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள். அவள் கெட்டவள் இல்லை, புருஷனைக் காப்பாற்றப் பார்த்தாள்.

மறுநாள் காலை அவனை அழைத்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனாள். தாயாரம்மாள் வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். "வா அண்ணி. உக்காருண்ணா" என்று பலகையை நகர்த்திப் போட்டாள்.

உட்கார்ந்ததும் தொடங்கினான். "எனக்கு அன்னிக்கு ஜுரம்மா. ஒடம்பு அனலா..."

"ஜுரம் இல்லன்னு சொல்லுய்யா" என்றாள் செல்லியம்மாள்.

அவன் அவளைப் பார்த்தான். அவள் விடவில்லை. "சொல்லிடுய்யா. பத்து போட்டது நானு. எனக்கும் பாவம் இருக்குது. சொல்லிடு."

சொன்னான். கம்பெனி, தணிகாசலம், வெள்ளைச் சட்டை, எட்டாவது சர்டிபிகேட். பழக்கமில்லாத கதை, அதனால் தட்டுத் தடுமாறி, முன்னும் பின்னுமாகச் சொன்னான். சொல்லி முடித்ததும் குழந்தை மாதிரி அழுதான். செல்லியம்மாளுக்கு நெஞ்சில் இருந்த பாறை நகர்ந்ததுபோல் இருந்தது.

தாயாரம்மாள் அழவில்லை. இறாலைத் தட்டோடு தள்ளிவைத்தாள்.

"தெரியும்" என்றாள்.

"இன்னா தெரியும்?" என்றான் செங்கல்வராயன்.

"நீ பஸ் ஏறும்போது நான் தண்ணிக் கொடத்தோட அங்கதான் நின்னுகினு இருந்தேன். அவரு அப்போ ஏரில இருந்தாரு. காத்து கீத்து ஒண்ணும் இல்ல. எங்கண்ணன் சரியான கில்லாடின்னு சிரிச்சிக்கினே வந்தேன், அண்ணி. சிரிச்சேன் நானு."

செல்லியம்மாள் அவள் பக்கம் குனிந்தாள். "தெரிஞ்சா... இத்தினி நாளா ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா? அவரு பூட்டாரு. அம்மா இல்ல, நைனா இல்ல, புள்ள இல்ல. எனக்குன்னு மிச்சம் இருந்தது இந்த அண்ணன் ஒருத்தன். நெசத்த கேட்டா இவன் மூஞ்சில நான் முழிக்க முடியுமா? ஜுரத்துல படுத்துக்கினு இருந்தவன் மேல யாரும் கோவப்பட முடியாதில்ல? இவன் வந்து வந்து சொல்லுவான். கேக்கக் கேக்க எனக்கும் அது நெசமா ஆயிடும். ரெண்டு நாளு அப்பிடியே இருக்கும். அப்பால மறுபடி அந்த வெள்ளச் சட்ட கண்ணு முன்னால வந்துடும். இவன இன்னும் காணமே, எப்போ வந்து சொல்லுவான்னு தெருவப் பாத்துக்கினு இருப்பேன்."

கோழி ஒன்று இறால் தோலைக் கொத்திக்கொண்டு போனது. அதைக் கூட அவள் விரட்டவில்லை.

"அந்த ஜுரத்தையும் இன்னிக்கு ரெண்டு பேருமா வந்து எடுத்துக்கினீங்க" என்றாள் தாயாரம்மாள். "இனிமே நான் இன்னா அண்ணி பண்ணுவேன்?"

செல்லியம்மாள் "மன்னிச்சிடும்மா" என்று சொல்ல வாயெடுத்தாள், அது அத்தனை அற்பமாக இருந்தது, விழுங்கிவிட்டாள்.

தாயாரம்மாள் பலகைக்கு எதிரே தரையில் வந்து உட்கார்ந்தாள். எப்போதும் உட்கார்கிற மாதிரியே, அண்ணன் வாயைப் பார்த்துக்கொண்டு. ஈரக் கையால் அவன் முழங்காலைத் தொட்டாள்.

"சொல்லுண்ணா. மொதல்லேர்ந்து சொல்லு. நான் கேக்கறேன்."

செங்கல்வராயன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எனக்கு அன்னிக்கு..." என்றான்.

அதற்கு மேல் வரவில்லை. மறுபடி வாயைத் திறந்தான். தங்கை காத்திருந்தாள். பஸ்ஸிலும் பந்தியிலும் ஆளில்லாத ஏரிக்கரையிலும் ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை, அது வாய்வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

செல்லியம்மாள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, அவன் அதைச் சொல்லிவிட மாட்டானா என்று அவளுக்கு இருந்தது.