லம்யாய் வீட்டுப் பிள்ளைகள்

...இல்லை, இதில் பயப்பட என்ன இருக்கிறது, ரப்பர், பஞ்சு, நைலான் முடி, வெறும் பொம்மைகள், அவ்வளவுதானே, நூற்றுப் பன்னிரண்டு பேர் என்று லம்யாய் பெரியம்மா சொன்னாள், பேர் என்றுதான் சொன்னாள், படிவத்தில் ‘உருப்படி’ என்று எழுதியிருந்த இடத்தைச் சுதிமா உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள், எதற்கு மறைத்தாள், ஊராட்சி அலுவலகத்துச் சுகாதாரப் பிரிவுக்காரி, திங்கட்கிழமைதோறும் அரசு ஊழியர்கள் போடும் காக்கிச் சட்டை, தோளில் பட்டை, இவள் யாருக்கு ஒளிக்க வேண்டும்? தெருக்காரர்கள் பதினேழு பேர் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்திருக்கிறார்கள், ஆவி புகுந்த பொம்மைகளாகச் சேர்த்து வீட்டை நிரப்பிவிட்டாள், குழந்தை அழுகிற சத்தம் கேட்கிறது, நாய் அந்த வாசலில் நிற்க மாட்டேன் என்கிறது... ஆவி என்று அறிக்கையில் எழுத முடியாது, அதனால் தலைவர் கூப்பிட்டு, “எலி, கொசுன்னு எழுதிக் கொண்டா தாயி, நாளைக்கே வண்டி அனுப்பி அள்ளிட்டுப்போய்க் விகாரைச் சுடுகாட்டுல எரிச்சிடலாம்” என்றார், இவளும் சரி என்றாள், சந்தோஷமாகவே சரி என்றாள், கிளம்புவதற்கு முன்பே ‘எலி’ என்று எழுதியும் வைத்துவிட்டாள். இப்போது வந்து பார்த்தால் எலி இல்லை. தரை பளிச்சென்று இருக்கிறது. இவள் வீட்டுத் தரை ஒருநாளும் இப்படி இருந்ததில்லை.

பெரியம்மா பொம்மைகளுக்குப் படைக்கச் சிவப்புச் சோடா ஊற்றிக்கொண்டிருந்தாள், நூற்றுப் பன்னிரண்டு குட்டிக் கோப்பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு உறிஞ்சுகுழல், குனிந்து நிமிர்ந்து குனிந்து... மீன்வலைத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் முடிச்சுப் போட்ட விரல்கள், ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் இந்தத் தேசமே இந்தப் பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு அலைந்ததே, பிக்குவிடம் கொண்டுபோய் மந்திரம் ஓதி ஓர் ஆவியை உள்ளே அழைத்து உட்காரவைப்பது, பிறகு பேர் வைப்பது, பால் கொடுப்பது, பஸ்ஸில் சீட்டுப் போடுவது, பரிசுச்சீட்டு நம்பர் கேட்பது, அப்புறம் ஒரே வருஷத்தில் அலுத்துப்போய் விட்டெறியவும் பயந்து அரசமரத்தடியில் யாருக்கும் தெரியாமல் வைத்துவிட்டு ஓடுவது, த்தூ, என்ன ஜனங்கள். பெரியம்மா மட்டும் சைக்கிள் கூடையில் ஒவ்வொன்றாக எடுத்து வந்தாள். வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பவர்களிடம் அவளுக்கு ஒரே ஒரு கட்டளைதான், அதன் எதிரே உட்கார், என்ன கேட்டாய், ஏன் விட்டுவிட்டுப் போகிறாய், இரண்டையும் அதன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போ. இங்கே வந்து சொல்லியிருக்கிறார்கள், மனுவில் கையெழுத்துப் போட்ட பதினேழு பேரில் ஆறு பேர்கூடச் சொல்லியிருக்கிறார்கள், புருஷன் திரும்பி வரவேண்டும் என்று, பக்கத்துக் கடை நொடிக்க வேண்டும் என்று, கலைந்துபோன பிள்ளை மறுபடி வயிற்றில் வரவேண்டும் என்று. யார் அந்த ஆறு பேர் என்று சுதிமா கேட்டாள், பெயர் கிடைத்தால் மனுவையே கிழித்துப்போடலாம். “அது இதுங்க காதுல சொன்னது கண்ணு, நான் பக்கத்துல இருந்தேன், அவ்வளவுதான்” என்றாள் பெரியம்மா. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக்கூடச் சொல்ல மாட்டாளாம்! கோன்கேன் பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் சமூகப்பணி படித்தாள் சுதிமா, பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது எப்படி என்று ஒரு முழுப் பருவம் பாடம் எடுத்த பேராசிரியர் அவள் பெயரைக் கடைசிவரை தப்பாகத்தான் கூப்பிட்டார், இங்கே நாலாம் வகுப்பைத் தாண்டாத ஒரு கிழவி ஊர் முழுக்கச் சொன்ன ரகசியத்தைத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு சோடா ஊற்றுகிறாள். அவளைப் பார்க்கப் பார்க்கக் கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். பார்க்காதது போல இரண்டு தடவை கடந்து போனாள், மூன்றாவது தடவை கால் நின்றுவிட்டது. இடது காதில் சின்னப் பித்தளைத் தோடு. பைலின். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவளே கறுப்புப் பையில் போட்டு மரத்தடியில் வீசிவிட்டு வந்த அம்மாவின் பொம்மை, வீசினாள், வைக்கவில்லை. “தங்கச்சிக்குப் பால் வச்சியா?” என்று அம்மா கேட்கும்போதெல்லாம் உடம்பு எரியும், தங்கச்சியாம், அம்மாவின் பப்பாளி சாலட் தள்ளுவண்டியில் உரலுக்குப் பக்கத்தில் அதற்கு ஓர் ஆசனம் வேறு. அரசு வேலைத் தேர்வு முடிவு வந்த அன்று வண்டியைச் சுற்றி நின்றவர்கள், “பொம்மை வாங்கிக் குடுத்த வேலைடியம்மா” என்று சிரித்தார்கள், அம்மாவும் உரலில் இடித்துக்கொண்டே சிரித்தாள், இல்லை, என் மகள் கண் முழித்துப் படித்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வாரமே வீசினாள். அம்மா தேடினாள், அழவில்லை, இவளைக் கேட்கவுமில்லை, புனித நாட்களில் இன்றைக்கும் ஒரு கோப்பைச் சோடா ஜன்னலில் வைக்கிறாள்.

“இவளைத் தெரியுமா உனக்கு?” பெரியம்மா பின்னால் வந்து நின்றாள். “நூத்திப்பதினொரு பேரு கதையும் எனக்குத் தெரியும், இவ கதைதான் தெரியாது. பையில மூச்சுமுட்டக் கெடந்தா பாவி.”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். காக்கிச் சட்டைக்கு அது சுலபம். “பைலின்” என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

பெரியம்மா திட்டவில்லை, ஒரு பாயை உதறிப் போட்டாள். “உக்காரு. பேண்ட்டு கசங்கினா கசங்கட்டும், ஆபீசரம்மா.” சுதிமா உட்கார்ந்தாள், படித்த பெண் ரப்பர் மூஞ்சியின் எதிரே, சிரிப்பு வர வேண்டும், வரவில்லை, கண்ணாடிக் கண் இவளைத் தாண்டி எங்கோ பார்த்தது. விட்டது ஏன் என்று சொல்வது எளிதாக இருந்தது. “நான் படிச்சதுக்கு நீ பேரு வாங்கிக்கிட்ட, அதான்.” சொன்னதும் வயிறு லேசாகிவிட்டது, அட, இவ்வளவுதானா இந்த வைத்தியம், இதற்காகவா ஆறு பேர் வந்தார்கள்? “கேட்டது?” என்றாள் பெரியம்மா. “பரீட்சை. நான் பாஸாகணும்னு அம்மா கேட்டிருப்பாங்க.” “கேட்டிருப்பாங்களா, கேட்டாங்களா?” “வேற என்னத்தக் கேட்பாங்க பெரியம்மா?”

பெரியம்மா பைலினின் கவுன் ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள், உள்மடிப்பில் நுணுக்கமான தையல், விரல் வைத்தால் உள்ளே ஒரு சீட்டு சரசரத்தது. “துவைக்கறப்போ கைல தட்டுப்பட்டுச்சு. நனையாம எடுத்து வச்சிருந்து மறுபடி தைச்சுட்டேன்.” என்ன எழுதியிருந்தது என்று சுதிமா கேட்டாள், குரல் ஏன் இப்படி உயர்கிறது. “நான் எதுக்குப் படிக்கணும்? எனக்கா எழுதினது?” ரெண்டு வருஷம் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு படிக்காமல் இருந்திருக்கிறாள், எந்தச் சட்டம் போட்டு எந்த அலுவலகம் இதைச் செய்யவைக்கும்! “நாளைக்கு வண்டி வருமா கண்ணு?” என்றாள், மழை வருமா என்று கேட்பதுபோல. “வராது” என்றாள் சுதிமா, படிவத்தில் ‘எலி’யை அடித்தாள், அழுத்தி அடித்ததில் தாள் கிழிந்தது, தலைவர் கத்துவார், கத்தட்டும்.

பெரியம்மா கத்தரிக்கோலைப் பாயின் மேல் வைத்துவிட்டுக் கோப்பைகளை எடுக்கப் போனாள். “வேணும்னா பிரி. இல்ல, அம்மாவக் கூட்டிட்டு வா.” நாலு தையல், வெட்டினால் அரை நிமிஷம், அம்மாவின் கோணல் எழுத்து எப்படி இருக்கும் என்று தெரியும், உள்ளே சுதிமா என்று கொட்டையாக எழுதியிருக்கும், சுதிமா பாஸாக, சுதிமாவுக்கு வேலை... அப்படித்தான் இருக்கும், இவளைத் தவிர அம்மாவுக்கு வேறு என்ன, புருஷன் போய்ப் பதினெட்டு வருஷம், ஒரு தள்ளுவண்டி, ஓர் உரல்... ராத்திரி எல்லாரும் போனபிறகு வண்டியைத் துடைத்துக்கொண்டே பைலினிடம் மணிக்கணக்காகப் பேசுவாளே, பரீட்சையைப் பற்றி அவ்வளவு நேரம் பேச என்ன இருந்தது? பரீட்சை முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது, சோடா வைப்பதை நிறுத்தவில்லையே. கத்தரிக்கோலை எடுத்த கை அப்படியே நின்றது. இவ்வளவு வருஷக் கோபமும், அம்மா கேட்டதெல்லாம் தனக்காகத்தான் என்ற தைரியத்தில் வந்த கோபம். ஒருவேளை அந்தச் சீட்டில் தன் பேர் இல்லாவிட்டால்?