இருபத்தைந்தாவது அடுப்பு

சர்புலாக் கிராமத்துக்கு ஒரே ஒரு குடும்பம் குறைந்தது. பாலம் கிடைக்காமல் போக அது போதும்.

பல நாடுகள் சேர்ந்து காபூலில் ஒரு பொது நிதி வைத்திருந்தன. எவன் போட்டது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். போரில் நாசமான ஊர்கள் கூடிப் பேசி, தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே கேட்கலாம். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கேட்கிற ஊருக்கென்று ஷூரா என்கிற தனி ஊர்ச்சபை இருக்க வேண்டும். தனி ஷூராவுக்கு இருபத்தைந்து குடும்பமாவது வேண்டும். இல்லையென்றால் கீழூரோடு சேர வேண்டியதுதான். கீழூர்க்காரனுக்குப் பாலம் எதற்கு? அவன் கடைத்தெரு இருக்கிற கரையிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

நிதிக்காரர்கள் அனுப்பிய இன்ஜினியர் தாவூத் ஊர்க் குடும்பங்களை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். "இருபத்து நாலுதான் வருது, பெரியவரே."

"எங்க வீட்டுலயே ரெண்டு இருக்கே!" என்றார் ஊர்த் தலைவர் ரஜப் அலி. "நான், என் பொண்டாட்டி, ஆறு புள்ளைங்க. அப்புறம் தம்பி நவ்ரோஸ், அவன் பொண்டாட்டி."

"சமையல் ஒண்ணாத்தானே? ஒரே பானையில சாப்பிட்டா ஒரே குடும்பம். அது நான் போட்ட சட்டமில்ல, உங்க வழக்கத்தைக் கேட்டுத்தான் எழுதியிருக்காங்க."

வழக்கம் அதுதான். ரஜப்புக்கு அதில் பெருமையும் உண்டு. ஊர் எரிந்த வருஷம் பனிமலையில் ஏறி ஓடியபோது கம்பளிகளைக்கூட விட்டுவிட்டுப் பானையை முதுகில் கட்டிக்கொண்டு வந்தவன் நவ்ரோஸ். ஈரானில் மூன்று வருஷம் செங்கல் சூளையில் வெந்து சம்பாதித்ததை அப்படியே அண்ணன் கையில் கொடுத்தவன். அடித்துக்கொள்ளும் அண்ணன் தம்பிகளிடம் ஊரார், "போய் ரஜப் வீட்டைப் பாருங்கடா" என்பார்கள்.

ஆனால் பாலமும் வேண்டும். பனி உருகும் இரண்டு மாதம் ஆறு யாரையும் அக்கரைக்கு விடாது. போன வசந்தத்தில் நவ்ரோஸின் மனைவி மாஹ்குலுக்கு வலி எடுத்தபோது அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கழுதையை ஆற்றில் இறக்கிப் பார்த்தார்கள், அது நாலடிகூட வைக்கவில்லை. தலைச்சன் குழந்தை இக்கரையிலேயே போய்விட்டது.

அன்று மாலையே ரஜப் தம்பியைக் கூப்பிட்டார். "முற்றத்துல அந்தப் பக்கம் இன்னொரு தந்தூர் அடுப்பு வெட்டுவோம். காபூல்லேர்ந்து சரிபார்க்க ஆள் வர்றானாம். வந்துட்டுப் போற வரைக்கும் நீங்க தனி. போனதும் மூடிடலாம்."

"விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாதீங்க, லாலா." அண்ணனை அவன் லாலா என்றுதான் கூப்பிடுவான். "அடுப்பு பிரியுறது நல்ல பேச்சில்ல."

"பாலம் வேணுமா, வேண்டாமா?"

நவ்ரோஸ் தலையாட்டிவிட்டு எழுந்து போனான். ரஜப்பின் மனைவி சகீனாதான் விடவில்லை. "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிறீங்க."

"நாலு நாள் கூத்துக்கு இப்பவே ஒப்பாரி வைக்காதே!" என்று ரஜப் அதட்டினார். மறுநாள் தன் கையாலேயே குழி வெட்டி, களிமண் பூசி, அடுப்பைக் காயவைத்தார்.

நாலு நாளில் வரவேண்டியவன் வரவில்லை. ஒரு வாரம் சாலை சரியில்லை என்றார்கள், பிறகு ஈத் விடுமுறை, பிறகு வண்டி இல்லை. இரண்டு மாதம் இழுத்தது. எந்த நாளும் வந்து நிற்கலாம் என்பதால் ரஜப் அடுப்பை அணையவிடவில்லை. "புகை வராத அடுப்பை எவன் நம்புவான்? தினம் மூட்டுங்க!" மாவைத் தனி மூட்டையில் கட்டிக் கொடுத்தார். உருளைக்கிழங்கு, வறட்டி, தேநீர்க் கெண்டி எல்லாம் தனி. பொய்யைக்கூட அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர்.

இரண்டாவது வாரம் ஒருநாள் நவ்ரோஸ் பழக்க தோஷத்தில் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு விரிப்பில் வந்து உட்கார்ந்துவிட்டான். ரொட்டியையும் பிட்டுவிட்டான்.

"எந்திரிடா, எந்திரி! ஆள் வந்துட்டா என்ன பண்றது?" என்று ரஜப் விரட்டினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. நவ்ரோஸும் சிரித்துக்கொண்டே பிட்ட ரொட்டியை வைத்துவிட்டு எழுந்து போனான். அதற்கப்புறம் அவன் மறந்தும் வந்து உட்காரவில்லை. அன்று தன் நாக்கில் ஒரு புண் வந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று ரஜப் பின்னால் எத்தனையோ முறை நினைத்துக்கொண்டார்.

பத்துப் பேருக்கு ரொட்டி தட்டிக்கொண்டிருந்த மாஹ்குல் இப்போது இரண்டு பேருக்குத் தட்டினாள். ஒரு காலை முற்றத்தின் அந்தப் பக்கத்திலிருந்து அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது. குழந்தை போனபிறகு அவள் சிரித்து யாரும் கேட்டதில்லை. ரஜப்புக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே நெஞ்சில் ஒரு முள்ளும் தைத்தது.

கடைசியில் ஆள் வந்தான். இரண்டு அடுப்பையும் எட்டிப் பார்த்துவிட்டு நவ்ரோஸைக் கேட்டான்: "நீங்களும் உங்க அண்ணனும் தனித்தனியா?"

ஆட்டு வியாபாரியிடம் ஆட்டின் வயதை ஒரு வருஷம் குறைத்துச் சொல்லக்கூட நவ்ரோஸுக்கு வராது, திக்குவான்.

"தனிதான்," என்றான் நவ்ரோஸ். திக்கவே இல்லை.

வந்தவன் காகிதத்தில் குறித்துக்கொண்டு போனான். பாலம் உறுதியாகிவிட்டது என்று ஊரே ரஜப்பின் தோளைத் தட்டியது. அவருக்கு அந்த ஒரு சொல் மட்டும் காதிலேயே நின்றது.

அடுத்த நாள் மண்வெட்டியோடு அடுப்பை மூடப் போனார். நவ்ரோஸ் வந்து குறுக்கே நின்றான்.

"இருக்கட்டும், லாலா."

"ஆள்தான் வந்துட்டுப் போயாச்சேடா."

"மாஹ்குல் மறுபடி முழுகாம இருக்கா. இப்படி இருக்கிறது அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்கு. எனக்கும்தான்." அவன் தலை குனிந்தான். "உங்க மேல ஒரு வருத்தமும் இல்ல. சத்தியமா."

வருத்தம் இருந்தால் தேவலையே! சண்டை என்றால் நாலு பெரியவர்களை அனுப்பிச் சமாதானம் பேசலாம். நடக்காத சண்டைக்கு எந்தப் பெரியவர் வருவார்? உலகமே ஒரே பானையில் போட்ட பணத்தை வாங்க, தன் வீட்டுப் பானையைத் தானே போட்டு உடைத்துக்கொண்டோமே என்று ரஜப் மண்வெட்டியை ஊன்றியபடி நின்றார்.

"தாயும் புள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறதானே," என்று சகீனா சமாதானம் சொன்னாள். "என்னிக்காவது நடக்கிறதுதான்."

கோடை முடிவதற்குள் பாலம் எழும்பியது. திறப்பு நாளில் ஆடு அறுத்தார்கள். இறைச்சியை அடுப்புக்கு ஒரு பங்கு என்று பிரிப்பது வழக்கம். பிரிப்பது தலைவர் வேலை. ரஜப் பாலத்தின் பக்கத்தில் துணி விரித்துக் குவியல் குவியலாக வைத்துக்கொண்டே போனார். ஒவ்வொருவராக வந்து பாத்திரத்தைக் காட்ட ஆரம்பித்தபோதுதான் யாரோ எண்ணிப் பார்த்துச் சொன்னார்கள், இருபத்து நாலுதான் இருக்கிறது என்று.

நவ்ரோஸ் வரிசையில் நின்றுகொண்டிருந்தான், கையில் புதுக் கிண்ணம்.

எண்ணிக்கை தெரியாமலா ரஜப் பிரித்தார்? தெரியும். தெரிந்தேதான், ஒருவேளை அவன் பாத்திரத்தோடு வரமாட்டான் என்ற நப்பாசையில் பிரித்தார்.

"என் பங்குல இருந்து எடுத்துக்கோடா," என்றார் மெதுவாக. "எப்பவும்போல."

நவ்ரோஸ் கிண்ணத்தை இரண்டு கையாலும் மரியாதையாகப் பிடித்துக்கொண்டான். "உங்க பங்கு வேண்டாம், லாலா. என் பங்கைக் குடுங்க."

ரஜப் மறுபடி குந்தி உட்கார்ந்தார். ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒரு துண்டு எடுத்து, இருபத்தைந்தாவது பங்கைச் சேர்க்க ஆரம்பித்தார். தம்பிக்கு நல்ல துண்டுகளாகப் பார்த்துத்தான் எடுத்தார்.