மினுக்கி

பஸ் டிரைவருக்குக் கால் முறிந்ததிலிருந்து வாய்க்குத்தான் ஓய்வே இல்லை. ஜன்னலோரம் ஒரு நாற்காலி, முக்காலிமேல் நீட்டிய மாவுக்கட்டு, அதற்குள் விரல் எட்டாத இடத்தில் அரிப்பு. தெருவில் ஹாரன் கேட்டால் போதும், கட்டுக்குள் இருக்கிற பாதம் பிரேக்கைத் தேடும். அவன் மறுபடி வண்டி ஏறும்வரைதான் என்று சொல்லி மனைவி ஒரு சலவைக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவள் கிளம்பிப் போனதும் வீடு அவனைக் கடிக்க ஆரம்பித்துவிடும்.

ஜன்னலுக்கு வெளியே தொங்கிய கயிற்றில் ஒரு தேன்சிட்டு ஜோடி கூடு கட்டியது. ஒன்று கருநீலம், வெயில் பட்டால் ஊதா அடிக்கும். இன்னொன்று மங்கிய பழுப்பு, வயிற்றில் மட்டும் வெளிறிய மஞ்சள். நார், பஞ்சு, சிலந்தி நூல் என்று சுமந்து வந்ததெல்லாம் மங்கல்தான். முட்டைமேல் உட்கார்ந்ததும் அதுவேதான். பளபளப்போ எதிர்க் கம்பியில் உட்கார்ந்து கத்தித் தீர்த்தது. அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்கு மினுக்கி என்று பேர் வைத்தான். மங்கலுக்கு, மாப்பிள்ளை.

மனைவி செருப்பைக் கழற்றுவதற்குள் தினமும் ஆரம்பித்துவிடுவான். "புருஷன் ஓடாத் தேயறான், மகாராணிக்குச் சோக்கு கேக்குது!" அவள் "ம்" கொட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அன்று சாயங்காலம் அவள் அடுப்படிக்குப் போகவில்லை. எதிரில் வந்து நின்றாள்.

"என்னை நிரந்தரமாவே இருக்கச் சொல்றாங்க. நாளைக்குப் பதில் சொல்லணும். என்னங்க சொல்லட்டும்?"

முகத்தில் ஆசை அப்பட்டமாகத் தெரிந்தது. தெரிந்ததால்தான் அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இவள் சம்பளத்திலேயே வீடு ஓடிவிட்டால் அப்புறம் தான் எதற்கு என்ற பயம் வந்துவிட்டது.

"பாரு, அந்த மினுக்கி இன்னிக்கும் ஒரு துரும்பத் தூக்கல."

அவள் எட்டிப் பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அட கடவுளே! பளபளன்னு இருக்கே, அதுதாங்க ஆம்பள. இத்தன நாளா நீங்க மாப்பிள்ளைன்னு கொஞ்சுனது பொண்டாட்டிய!"

"போடி. யாரு சொன்னது?"

"இதுக்கு ஆள் வந்து வேற சொல்லணுமா? தேன்சிட்டுல ஆணுக்குத்தான் இந்த மினுக்கெல்லாம். பெட்டை இப்படி மங்கலாத்தான் இருக்கும்."

சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. வாரக்கணக்காக யாரைத் திட்டினோம், யாருக்காகப் பரிந்தோம் என்று நினைக்க நினைக்கக் காது சுட்டது. மங்கல் அவ்வளவு உழைப்பதைப் பார்த்ததுமே அது ஆண்தான் என்று முடிவு கட்டிவிட்டான். கண் பார்த்தது உழைப்பை மட்டும்தான், ஆண் என்றது வெறும் நினைப்பு. எழுந்து நாலு எட்டு நடந்தால் தேவலை போலிருந்தது. எழுந்திருக்க முடியவில்லை. ஊன்றுகோலை எடுத்தான், சாய்த்து வைத்தான், மறுபடி எடுத்தான்.

தட்டை அவன் மடியில் வைத்துவிட்டு, அவள் அவனுக்குப் பின்னால் சுவரோரம் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள். வேலைப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை. அவனுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. கடைசியில், திரும்பாமலே சொல்லிவிட்டான்.

"சரின்னே சொல்லிடு. காலைல சமையல நான் பாத்துக்கறேன். உக்காந்துட்டே செஞ்சா ஆச்சு."

தட்டு விளிம்பை விரலால் தடவிக்கொண்டே காத்திருந்தான்.

"என்ன, கேக்குதா?"

நாற்காலியோடு திரும்பினான். அவள் சுவரில் தலை சாய்ந்து தூங்கிப் போயிருந்தாள். எந்த வார்த்தைவரை கேட்டாளோ தெரியவில்லை. இன்னொரு தடவை சொல்லத் தனக்கு வாய் வருமா என்பதும் தெரியவில்லை. சோப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்களுக்கு நடுவே, பிசைந்த கவளம் அப்படியே இருந்தது.