பின்சீட்டுக்காரர்

"சீட்டை யார் வெட்டினது?" என்று கேட்டார் வண்டி வாங்க வந்தவர். கேட்டது என்னை அல்ல, என் மகனை.

பேன்ட் அழுக்காகக்கூடாது என்று ஒரு துண்டை விரித்து, அதன்மேல் முட்டி போட்டு, பேனா மாதிரி ஒரு டார்ச்சை அடித்து வண்டியின் அடிவயிற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான், குறை சொல்லக்கூடாது. வண்டியைத் தொடுவதற்கு முன்னால் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். டேங்க்கின் சிவப்பு பழைய சிவப்புதானா, மேலே பூசியதா என்று நகத்தை வைக்காமல் விரல் சதையால் தடவிப் பார்த்தார். இத்தாலிக்காரன் இந்த மோட்டார்பைக் மாடலை மொத்தமே சில நூறுதான் செய்தான், அதில் உயிரோடு இருப்பவை எங்கெங்கே என்று சொந்தக்காரர்களைச் சொல்வதுபோல் சொன்னார். எல்லாம் சரி. சீட்டின் முன்பாதி தாழ்ந்து, பின்பாதி உயர்ந்து நிற்பதைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"அப்பாதான் ஏதாவது பண்ணியிருப்பாரு சார்" என்றான் என் மகன். "அவருக்கு ரேஸ்ல குனிஞ்சு ஓட்ட வசதியா இருக்கணும்ல."

நான் டீ தட்டோடு ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ரேஸாம்! வேகமாக நடந்தாலே மூச்சு வாங்குகிறது என்று பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்ற மனுஷன் ரேஸ் ஓட்டினாராம்.

அந்த வண்டி என்னுடையது. என் சம்பளத்தில் நான் வாங்கியது. அப்போது ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்களிடம் லைசென்ஸுக்குப் படிக்க வந்த ஒரு வெளிநாட்டு இன்ஜினியர், ஊருக்குக் கிளம்பும்போது இதை விற்கமுடியாமல் தவித்தார். வாங்க வந்தவர்களெல்லாம் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போனார்கள். காரணம், இதில் எல்லாமே தலைகீழ். மற்ற வண்டியில் இடது காலில் இருக்கிற கியர் இதில் வலது காலில். வலது காலில் இருக்கவேண்டிய பிரேக் இடது காலில். ஸ்டார்ட் செய்கிற கிக்கரும் இடது பக்கம். பிரேக் என்று நினைத்து மிதித்தால் கியர் மாறி வண்டி துள்ளும். நானும் முதல் நாள் ஒரு காய்கறி வண்டிக்குள் போய்விட்டுத்தான் வந்தேன். இரண்டாம் நாள் போகவில்லை. பிறகு என் கால்களுக்கு அதுதான் நேர், மற்றதெல்லாம் தலைகீழ் என்று ஆகிவிட்டது.

உயரம்தான் பிரச்சினை. உட்கார்ந்தால் கால் தரையைத் தொடவில்லை. சோபா தைக்கிறவரிடம் கொண்டுபோய், முன்பக்க ஸ்பாஞ்சை மட்டும் வெட்டச் சொன்னேன். அவர் ரொட்டி வெட்டுகிற கத்தியை எடுத்து, என்னை உட்காரவைத்து, இறக்கிவிட்டு, வெட்டி, மறுபடி உட்காரவைத்து, என் பாதம் முழுசாகத் தரையில் பதிகிற வரைக்கும் விடவில்லை. பின்பக்கத்தைத் தொடவில்லை. அதனால் பின்னால் உட்காருகிறவர் என்னைவிட உயரமாக, பல்லக்கில் போகிற மாதிரி தெரிவார். அப்படிப் போனவர் என் கணவர்.

உயிரோடு இருந்தவரை அவர் மருந்துக்கடை வைத்திருந்தார். காலையில் அவரைக் கடையில் இறக்கிவிட்டு நான் வேலைக்குப் போவேன். ஏறியதும் இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். ஒவ்வொரு திருப்பத்திலும் "வந்தாச்சா?" என்பார். "இன்னும் இல்லைங்க" என்பேன். தோளில் அந்தப் பிடி சாயங்காலம் வரைக்கும் வலிக்கும். தெருவில் என்னை 'இத்தாலி' என்பார்கள், அவரை 'பார்சல்' என்பார்கள். கடைக்கு எதிரே உட்கார்ந்து வெட்டிக்கதை பேசுகிறவர்கள் ஒருநாள் அவரை நேராகவே கேட்டார்கள், பொம்பளை பின்னாடி உட்கார்ந்து வர வெட்கமாயில்லையா என்று. "எனக்குப் பயமாத்தான் இருக்கு, வெட்கமா இல்லை" என்றாராம். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. கேட்டவர்களே வந்து சொன்னார்கள். எனக்கு அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசப் பிடிக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

வண்டியை விற்கிற முடிவும் என்னுடையதுதான். போன வருஷம் மகனுடைய பைக்கை நகர்த்தி நிறுத்தப் போனேன். கேட் நெருங்கியதும் வழக்கம்போல இடது காலை அழுத்தினேன். அது கியர். கேட்டோடு போய் முட்டி, என் கால் முட்டியும் போயிற்று. உலகத்தில் வேறு எவளும் அப்படி விழுந்திருக்கமாட்டாள். இனிமேல் கிக்கர் உதைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓட்டாத வண்டி துருப்பிடிக்கும். ஓட்டுகிற யாரிடமாவது, இல்லாவிட்டால் அதன் அருமை தெரிந்த யாரிடமாவது போகட்டும் என்று நானே மகனிடம் சொன்னேன். போன் பேசுகிற பொறுப்பை அவனிடம் விட்டேன், அதுதான் வினை.

"சீட்டைப் பத்திக் கவலைப்படாதீங்க" என்று எழுந்தார் வந்தவர். "எங்கிட்ட ஒரிஜினல் சீட் ஒண்ணு இருக்கு, மாட்டிடலாம். பழைய வண்டிங்களைச் சேர்த்து வெச்சிருக்கற என் கூடத்துல ஒவ்வொரு வண்டிக்குப் பக்கத்துலயும் ஒரு போர்டு வெச்சிருக்கேன். யார் ஓட்டினது, என்ன கதைன்னு. அப்பா ரேஸ் ஓட்டினவர்னு போன்ல சொன்னீங்களே, அதுக்குத்தான் நான் சொன்ன விலைக்கு மேலயே போறேன்."

டீயை அவர் கையில் கொடுத்தேன். "சார், வண்டி என்னோடது. ஓட்டினது நான். அந்த சீட்டை வெட்டினது என் காலுக்கு."

அவர் கோபப்படவில்லை. சின்னக் குழந்தை நிலாவைக் கேட்டால் சிரிப்பதுபோல் சிரித்தார். "பேப்பர்ல உங்க பேர்தான் இருக்கு, பார்த்தேம்மா. சம்சாரம் பேர்ல வாங்கறது எல்லாரும் பண்றதுதானே."

ஆம்பிளை பேரில் இருந்தால் அது அவனுடையது. என் பேரில் இருந்தாலும் அது அவனுடையது. அப்புறம் நான் எந்தப் பேரில்தான் வாங்கியிருக்கவேண்டும்?

மகன் என்னை ஷெட்டுக்கு வெளியே கூட்டிக்கொண்டு வந்தான். "யார் ஓட்டினா என்னம்மா? வண்டி எப்படியும் போகப்போகுது. ஒரு போர்டுதானே. அப்பாவுக்கும் ஒரு மரியாதையா இருந்துட்டுப் போகட்டுமே."

"உன்னை ஸ்கூல்ல கொண்டுபோய் விட்டது யாருடா?"

டேங்க்கின் மேல் உட்கார்ந்து, கைப்பிடியில் என் கைக்குள் கை வைத்துப் போனவன் அவன். பெரிய வகுப்புக்குப் போனதும், ஸ்கூலுக்கு முன்னால் இருக்கிற திருப்பத்திலேயே இறக்கிவிடச் சொன்னான். மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். நான் இறக்கிவிட்டேன். அதை நான் அப்போதும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது அவன் தலை நரைத்துக்கொண்டிருக்கிறது. இன்னும் அந்தத் திருப்பத்திலேயே நிற்கிறான் என்று தோன்றியது.

நாங்கள் உள்ளே போனபோது வந்தவர் போனை நிமிர்த்திப் பிடித்து வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெக்கார்டுக்கு ஒரு வீடியோ எடுத்துக்கறேன். சாரோட போட்டோ இருந்தா, அம்மா அதைக் கையில பிடிச்சுக்கிட்டு வண்டி பக்கத்துல நிக்கட்டும். பார்க்கறவங்களுக்கு மனசைத் தொடும்."

மகன் என் முகத்தைப் பார்க்காமல் போய், ஹாலில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தான். பின்னாலேயே மருமகளும் வந்தாள். அவள் வாசலோரம் சாய்ந்து நின்றாள்.

படத்தை வாங்கிக்கொண்டேன். எத்தனையோ போட்டோ எடுத்தோம், கிளிக் என்கிற சத்தத்துக்கே கண்ணை மூடிவிடுவார். கல்யாண ஆல்பத்தில்கூட தூங்குகிற மாப்பிள்ளைதான். அவர் கண் திறந்திருக்கிற ஒரே படம் இது. கடை லைசென்ஸுக்காக எடுத்தது. போட்டோக்காரர் ஏமாற்றி, இன்னும் எடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே எடுத்துவிட்டார். அதனால் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இவரை வைத்தா பொய் சொல்வது? தெருவே சிரித்தபோது கண்ணை மூடிக்கொண்டாவது என் பின்னால் உட்கார்ந்து வந்த மனுஷன். அவர் செய்த ஒரே வீரம் அது. அதைப் பிடுங்கிக்கொண்டு, அவர் செய்யாத வீரத்தை போர்டில் எழுதி வைப்பார்களாம். அதற்குப் பெயர் மரியாதையாம்.

"உன் ஸ்கூட்டர்ல சாமான் கட்டற ரப்பர் கயிறு இருக்குல்ல, எடுத்துட்டு வா" என்றேன் மருமகளிடம்.

கயிற்றோடு என் ஹெல்மெட்டையும் எடுத்துவந்தாள். "இறுக்கிக் கட்டுங்க அத்தை, கண்ணாடி பிரேம்" என்று மட்டும் சொன்னாள்.

உயர்ந்த பின்சீட்டில் படத்தை மல்லாக்க வைத்து, கயிற்றைக் குறுக்கே இரண்டு சுற்றுச் சுற்றிக் கொக்கியை மாட்டினேன். முகம் மறையாமல் பார்த்துக்கொண்டேன்.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் வந்தவர்.

"வீடியோ எடுங்க சார். அவரை அவர் இடத்துல உட்கார வெக்கறேன்."

நேற்றுதான் மெக்கானிக் வந்து பெட்ரோல் மாற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார். கார்புரேட்டரின் தலையில் இருக்கிற குமிழை, பெட்ரோல் வழிந்து விரல் ஈரமாகும் வரை அழுத்தினேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். என் பாதம் இரண்டும் முழுசாகத் தரையில் பதிந்தன. கிக்கரை உதைத்தேன். ஒன்றுமில்லை. மறுபடி உதைத்தேன், கிக்கர் திருப்பி அடித்தது. முட்டியிலிருந்து இடுப்பு வரைக்கும் வலி ஏறியது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அம்மா, வேண்டாம். டாக்டர் என்ன சொன்னார்? முட்டி போயிடும்."

"என் முட்டிதானே? அதுவும் அப்பா பேர்லயா இருக்கு?"

மருமகள் சிரித்தேவிட்டாள். சிரித்துக்கொண்டே போய் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

அடுத்த உதையில் அது எழுந்தது. ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. ஆணி டப்பாக்கள் அலமாரியில் கலகலவென்று ஆடின. வந்தவரின் கையில் போன் இருந்தது, ஆனால் அவர் போனைப் பார்க்கவில்லை. என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தத்துக்கு மேல் கேட்கவேண்டும் என்று குரலை உயர்த்தினேன். "போர்டுல என் பேர் வரணும். அவர் பேரும் வரணும், பின்சீட்டுக்காரர்னு. சீட் இப்படியே இருக்கணும். சம்மதம்னா நான் வர்ற வரைக்கும் இருங்க. இல்லைன்னா டீயைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க, ஒண்ணும் வருத்தமில்லை."

வலது காலால் கியரைப் போட்டேன். மகன் வழியில் நின்றான். ஒரு நிமிஷம் அவனும் நானும் பார்த்துக்கொண்டோம். பிறகு ஒதுங்கினான்.

தெருவில் இறங்கியதும் சலவைக்கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டார். மாடியில் யாரோ "இத்தாலி" என்று கத்தினார்கள். முட்டி விண்விண்ணென்று தெறித்தது. திரும்பி வந்து இந்த வண்டியிலிருந்து எப்படி இறங்கப்போகிறேன் என்று தெரியவில்லை. கண்ணாடியில் எங்கள் கேட் சின்னதாகிக்கொண்டு போனது. மூன்று பேரும் வெளியே வந்து நின்றார்கள். வாங்க வந்தவர் போனை உயர்த்திப் பிடித்திருந்தார், எடுக்கிறாரா அல்லது போக டாக்ஸி கூப்பிடுகிறாரா என்று அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை.

ஸ்கூலுக்கு முன்னால் அந்தத் திருப்பம் வந்தது. இடது காலால் வேகத்தைக் குறைத்து, வண்டியைச் சாய்த்தேன். பின்னால் பிரேம் கயிற்றில் உரசி லேசாகக் கிறீச்சிட்டது. தோளை யாரும் பிடிக்கவில்லை. கண்ணைத் திறந்தபடியே வானத்தைப் பார்த்துக்கொண்டு வருகிறார்.

"இன்னும் இல்லைங்க" என்றேன்.