சம்பந்தி அனுப்பிய டின்

ஆதிநாராயணன் செட்டியார் எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்து ஒரு வார்த்தை சொன்னால், செஞ்சி கடைத்தெருவில் அதற்கு மறுபேச்சு கிடையாது. மல்லாட்டை எனும் நிலக்கடலை எண்ணெயில் வேறு எண்ணெய் கலந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். அதனால்தான் மெக்கானிக் பொன்னுசாமி அந்த டின்னைத் திறக்கமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றபோது அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இன்னாப்பா, எண்ணெயைப் பத்தி எனக்கே பாடம் நடத்துறியா? நானே தொட்டுப் பாத்தேன். மொதல் தரம்."

"மொதலாளி, இதுல யாரும் வடை சுடப் போறதில்ல. எஞ்சின் கொதிக்கறப்ப இது இன்னா ஆவும்னு உங்க வெரலுக்குத் தெரியுமா?"

செட்டியாரின் காரோடு வந்த புத்தகத்தைப் பொன்னுசாமி பிரித்துக் காட்டினான். கார் கம்பெனி ஒப்புக்கொண்ட எண்ணெய்கள் என்று நாலு பெயர்கள் அச்சாகியிருந்தன. பக்கத்திலேயே எந்தத் தர நம்பர் என்றும் இருந்தது. டின்னில் பேரும் இல்லை, நம்பரும் இல்லை. மஞ்சளும் குங்குமமும்தான் இருந்தன.

அதை அனுப்பியவர் திண்டிவனம் துரைராஜ். லாரிக்காரர்களுக்கு எண்ணெய் விற்கிற கடைக்காரர். செட்டியாரின் மகள் செந்தாமரையை அவர் மகனுக்குத்தான் பேசியிருந்தது. வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களை அழைத்துவரக் காரை அனுப்புவதாகச் செட்டியார் வாக்குக் கொடுத்திருந்தார். அன்று புதன். ஆறு வருஷம் பேர் பதிந்து காத்திருந்து வாங்கிய கார், பழைய எண்ணெயை எடுத்துவிட்டதால் வயிறு காலியாக வாசலில் நின்றது.

"போன தை மாசம் சிங்கவரத்துல ஒருத்தன், முத்திரை இல்லாத டின்ல எண்ணெய ஊத்தி உங்க கடை சரக்குன்னு வித்தானே, ஞாபகம் இருக்குதா?" என்றான் பொன்னுசாமி. "நல்ல எண்ணெய்தான்னு நீங்களே சொன்னீங்க. ஆனா என் முத்திரை இல்லாததுக்கு என் பேரு பொறுப்பில்லன்னுட்டீங்க. கார் கம்பெனிக்காரனும் அதைத்தான் சொல்றான்."

செட்டியார் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தார். அவன் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

கதவோரம் நின்ற மனைவி கண்ணம்மாள் பதறினாள். "திருப்பி அனுப்பினா சம்பந்தம் முறிஞ்சிடுங்க. பேசாம ஊத்திடுங்களேன்."

"வழியில தீவனூர் தாண்டி வண்டி நின்னுட்டா? மாப்பிள்ளையோட தாத்தாவ எறங்கித் தள்ளச் சொல்லுவியா?"

"அப்ப வேற எண்ணெய ஊத்திட்டு, அவர் குடுத்ததைத்தான் ஊத்தினோம்னு சொல்லிட்டா போச்சு."

"எண்ணெய் விஷயத்துல இந்த வீட்டுல எவனும் பொய் சொன்னதில்ல. நானும் சொல்லமாட்டேன்."

சட்டை மாற்றிக்கொண்டு, புத்தகத்தைத் துண்டில் சுற்றி, டின்னைத் தானே தூக்கிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினார். ஆள் விட்டு அனுப்பினால் அவமதிப்பு. நேரில் கொண்டுபோனால் அது பேச்சு. அப்படித்தான் வழியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.  மகளுடைய வாழ்வு ஒரு எண்ணெய் டின்னில் வந்து நிற்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

துரைராஜ் கடையில் கல்லாவில் இருந்தார். டின்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"சம்பந்தி, மரியாதைக் குறைவா நெனைக்கக் கூடாது," என்று ஆரம்பித்த செட்டியார் நிமிர்ந்து நின்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். "கம்பெனிக்காரன் எழுதின எண்ணெயைத்தான் ஊத்தணும்னு இருக்குது. இது அதுல இல்ல. உங்க பெரியவங்களை ஏத்திக்கினு வர்ற வண்டி. என்னால ஊத்த முடியாது."

 துரைராஜ் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அப்பாடா! இன்னும் ஊத்தலையே?"

"ஊத்தல."

"பொழச்சேன். இதை அனுப்பினதுலேருந்து எனக்குச் சோறு எறங்கல சம்பந்தி. எண்ணெய்க் கடை வெச்சிக்கினு ஒரு டின் அனுப்பாட்டி செஞ்சிக்காரர் இன்னா நெனைப்பாருன்னு எங்க அண்ணன் என் பேர்ல அனுப்பிட்டாரு. பழைய லாரிக்குப் போடறது அது. குங்குமம் வெச்சுக் குடுத்ததத் திருப்பிக் கேக்க எனக்கு வாய் வரல."

"எனக்கும் வாய் வராம போயிருந்தா?"

"ரெண்டு பேர் கவுரவத்துல ஒரு எஞ்சின் போயிருக்கும்!"

செட்டியாருக்குச் சிரிப்பு வந்தது. கடைக்குள் நின்று வாய்விட்டுச் சிரித்தார். கடை ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

கார் எண்ணெய் வாங்க இருவருமாகப் பெட்ரோல் பங்குக்கு நடந்தார்கள். புத்தகத்தைப் பிரித்து வைத்து, பேரையும் நம்பரையும் துரைராஜ் இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்தார். சீல் உடையாத டின் ஒன்றைச் செட்டியார் கையில் கொடுத்தார். திரும்பும் பஸ்ஸில் அதைச் செட்டியார் மடியிலேயே வைத்துக்கொண்டார். செஞ்சிக் கோட்டை மலை கண்ணில் படும் முன்பே தூங்கிப்போனார். கண்டக்டர்தான் எழுப்பி இறக்கிவிட்டான்.

வாசலில் காத்திருந்த கண்ணம்மாள், கேட்கவும் பயந்து அவர் முகத்தையே பார்த்தாள்.

"சாப்பாட்டுக்கு இன்னும் ரெண்டு பேரைச் சேத்துக்கோ," என்றார் செட்டியார். "சம்பந்தியோட அண்ணனும் அண்ணியும் வர்றாங்களாம். வண்டி தாங்கும்னு சொல்லிட்டு வந்துட்டேன்."